கூழ் ஊற்றாத ஆடி

போன மாதம் திருப்பதி ஆய்வகத்திலிருந்து லாவண்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற இடத்தில் இப்போது அவள்தான் டெக்னீஷியன். எங்கள் காலத்தில் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் காகிதத்தில் எழுதி, அதிகாரி கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு அனுப்புவோம். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும், ஊர்க்காரர்களுக்குப் போனிலேயே தெரிந்துவிடுகிறதாம். ஏதோ ஒரு கிராமத்துத் தண்ணீருக்குச் சிவப்புக் குறி போட்டிருக்கிறாள். மறுநாள் காலை ஒரு வேன் நிறைய ஆட்கள் ஆய்வக வாசலில் வந்து இறங்கிவிட்டார்கள்.

"சார், நான் தப்பா ஒண்ணும் எழுதல. ஆனா இன்னா திட்டு திட்டினாங்க தெரியுமா? உங்கள யாராச்சும் இப்படித் திட்டினது உண்டா?" என்றாள்.

"ஒரு ஊரே திட்டியிருக்கும்மா" என்றேன். அதை எழுதி அனுப்பச் சொன்னாள். எழுதுகிறேன்.

என் நைனா நகரியில் தறி நெய்தவர். எனக்குத் தறிக்குழியில் கால் நிற்கவில்லை. திருப்பதியில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, இரண்டு வருஷம் கண்ணாடிக் குப்பி கழுவி, சித்தூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் நல்ல மனிதர்தான். என் கல்யாணத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். ஆனால் கெட்ட முடிவு என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு விடுதியின் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மறுபடி எடுத்துக்கினு வா."

மறுபடி எடுத்தேன். மறுபடியும் கெட்டது. "இன்னொரு தபா எடுத்துக்கினு வா" என்றார். மூன்றாம் முறை போவதற்குள் விடுதிக்காரர் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டி வைத்திருந்தார். முடிவு நல்லதாக வந்தது. குடிக்கத் தகுந்தது என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த விடுதியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வேலூர் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

இருபது வருஷம் கழித்து திருப்பதிக்கு மாற்றலாகி வந்தபோதுதான் வசுந்தரா மேடத்தைப் பார்த்தேன். தொற்றுநோய்த் தடுப்பு அதிகாரி. எங்கள் ஆய்வகம் அவருக்குக் கீழே. சித்தூர் ஜில்லா அப்போது பிரியவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு வரைக்கும் எங்கள் கைக்குள்தான். ஒரு ஊரின் குழாய்த் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவர் கையெழுத்துக்கு இருந்தது. கிருஷ்ணா நதிப் பக்கத்துக்காரர். என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார். இங்கே படிப்பவர்களுக்காக அதைத் தமிழில் எழுதுகிறேன். அவருக்குக் கொஞ்சம் தமிழும் வரும், ஆனால் கோபம் வந்தால் வராது.

குள்ளமான உருவம். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நின்றபடியேதான் முடிவைப் பார்ப்பார். குறிப்பு எழுதினால் மூன்று வரிதான். முதல் வரி நமக்குத் தெரிந்தது. இரண்டாவது நமக்குத் தெரியாதது. மூன்றாவது என்ன செய்யப்போகிறோம் என்பது. "ரெண்டாவது வரி காலியா இருந்தா அந்தக் காகிதத்தை நம்பாதீங்க, முனிரத்தினம் காரு" என்பார். சம்பளத்திலும் வயதிலும் எனக்கு மேலே இருந்தும் ஒருநாளும் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

வந்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். இரண்டு குப்பிகளின் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அதை நம்பி அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் போர்க் கிணற்றை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். உண்மை தெரிந்ததும் ஜீப்பை எடுக்கச் சொல்லி நேரே தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார். "எங்க ஆய்வகம் தப்பு பண்ணிடுச்சு. நான்தான் பொறுப்பு" என்றார். நான் பின்னால் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பி வரும்போது ஜீப்பில், "இனிமே குழாய்கிட்ட நின்னே சீட்டு ஒட்டுங்க. ஜீப்புல வந்து ஒட்டாதீங்க" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரோடு கடைசிவரை வேலை செய்ய வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இனி அந்த ஊர்க் கதை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். தெருவுக்குத் தெரு பவர்லூம் சத்தம். என் மனைவி பிறந்த ஊர் அது. அவளுடைய அண்ணன் தேசிங்கு மச்சான் அங்கே எட்டுத் தறி வைத்திருந்தார், அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூழ் ஊற்றுவார்கள். சென்னை, திருத்தணி, பெங்களூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள்.

அந்த வருஷம் ஆடியில் நல்ல மழை. கூழுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் போன் செய்தார். இரண்டு தெருவில் ஒரே சமயத்தில் வாந்தி பேதி, பதினோரு பேர் வந்திருக்கிறார்கள் என்றார். மேடம் என்னைப் பார்த்தார்.

"அது உங்க மனைவி ஊரில்ல? நீங்க லீவ் எடுத்துக்கலாம். நான் வேற ஆளை அனுப்பறேன்."

"வேணாம் மேடம். எனக்குத்தான் அங்க எந்தக் குழா எங்க இருக்குன்னு தெரியும்" என்றேன்.

ஏழு குழாயில் எடுத்தேன். நோய் வந்த தெருவில் மூன்று, வராத தெருக்களில் நான்கு. குழாயைத் திறந்து இரண்டு நிமிஷம் ஓடவிட வேண்டும். மூடிவிட்டு, குழாயின் வாயை ஸ்பிரிட்டில் துடைத்து, பஞ்சைக் கொளுத்தி இரும்பு சுடும்வரை காட்ட வேண்டும். மறுபடி திறந்து, மெல்லிய தாரையாக விட்டு, குப்பியின் மூடியைக் கீழே வைக்காமல் சுண்டுவிரலில் பிடித்துக்கொண்டு நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பக் கூடாது, குலுக்க இடம் வேண்டும். அங்கேயே சீட்டு ஒட்டி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் இருக்கிறதா என்று மருந்துச் சொட்டு விட்டும் பார்த்தேன். இருந்தால் மஞ்சள் நிறம் வரும். ஏழிலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

நான் பஞ்சைக் கொளுத்தியதைப் பார்த்து மச்சான் சிரித்தார். "இன்னா மாப்ள, குழாய்க்குக் கற்பூரம் காட்டறியா? வூட்டுக்கு வா, துன்னுட்டுப் போ." வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

முடிவு இரண்டு விதமாக வரும். ஒன்று, மருந்துத்தாள் வைத்த சின்னக் குப்பி. அதில் தண்ணீரை ஊற்றி ஒரு நாள் சூட்டில் வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் மை மாதிரி கறுத்துவிடும். இது முதல் எச்சரிக்கை மட்டும்தான். இரண்டாவது, சோதனைக் குழாய்களில் படிப்படியாகச் செய்து உறுதிப்படுத்துவது. கோர்ட்டில் நிற்கும் முடிவு அதுதான். அதற்குத் திங்கட்கிழமை ஆகும். கூழோ ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை மதியம் சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஏழில் ஐந்து கறுத்திருந்தது. நோய் வராத தெருக்களின் குப்பியிலும் இரண்டு கறுப்பு.

மேடம் ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.  அந்த ஊருக்கு மேல்நிலைத் தொட்டி எத்தனை என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். ஊரில் இருப்பவர்களைப்போல மூன்று மடங்கு என்றேன். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார்.

தெரிந்தது: ஏழில் ஐந்து குப்பி கறுப்பு, குளோரின் இல்லை, நோயாளிகள் இருக்கிறார்கள். தெரியாதது: கிருமி எங்கே கலக்கிறது, எந்தக் கிருமி. செய்வது: சனிக்கிழமை காலையிலிருந்து ஊர் முழுக்கக் குழாய்த் தண்ணீர் நிறுத்தம், லாரித் தண்ணீர் மட்டும், கோயிலில் கூழ் ஊற்றக் கூடாது.

நகல் போன அரை மணி நேரத்தில் அவருக்கு மேலே இருந்த அதிகாரி போன் செய்தார். அடுத்து ஒரு அரசியல்வாதியின் உதவியாளர். நான் எதிரே குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னது மட்டும் கேட்டது.

"ஆமா சார், கடைசி ரிசல்ட் திங்கக்கிழமைதான். அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடுமே சார்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "மறுபடி எடுக்கலாம் சார். எத்தனை தடவை வேணும்னாலும் எடுக்கலாம். தண்ணியை நிறுத்திட்டு எடுக்கறேன்."

சித்தூர் ஞாபகம் எனக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு குப்பிகளையே பார்த்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வால்வை மூடினோம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் கோயில் வாசலிலும் நோட்டீஸ் ஒட்டினோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் பார்த்து நல்லதென்று நான் எழுதியிருந்த ஒரு தோட்டத்துப் போரிலிருந்து, குளோரின் கலந்து, லாரிகள் வந்தன. நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. பாதித் தெருவுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும் என்று நான் சொன்னதும், "எழுதுங்க" என்று மேடம் ஸ்கெட்ச் பேனாவை நீட்டினார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஒன்பதரைக்கு ஊர்க்காரர்கள் புத்தூர் ரோட்டை மறித்தார்கள். சென்னை பஸ்கள் வரிசையாக நின்றன. மலையில் மொட்டையடித்துக்கொண்டு திரும்பியவர்கள் எல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். போலீஸ் எங்களை ஜீப்பிலேயே இருக்கச் சொன்னது. மேடம் இறங்கிப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றார். நானும் போனேன். மச்சான் என் சட்டையைப் பிடித்தார்.

"எங்க வூட்டுப் பொண்ண கட்டிக்கினு, எங்க அம்மனுக்கே கூழ நிறுத்தறியா? நீ மாப்ளயா, எதிரியா?"

"மச்சான், தண்ணி கெட்டுப்போயிருக்கு."

"நாங்க குடிச்சு வளந்த தண்ணிதாண்டா அது!"

அப்போது அமுலு என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். தறி ஓட்டுகிறவள். அவள் வீட்டில் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவள் கத்தவில்லை.

"ஆறு மாசமா தண்ணி நாத்தம் அடிக்குதுன்னு மனு குடுத்துக்கினு இருக்கோம். அப்ப ஒருத்தரும் வர்ல. சாமிக்குக் கூழு ஊத்தற நேரத்துக்கு மட்டும் எப்படி வந்தீங்கோ?"

 மேடம் அவளைப் பார்த்து, திக்கித் திக்கித் தமிழில் சொன்னார்: "அது எங்க தப்புமா. முன்னாடியே வந்திருக்கணும். அந்தத் தப்புக்காக இன்னிக்கும் வராம இருக்க முடியாது."

 லாரிப் பக்கம் போய் முதல் குடத்தை அமுலுதான் வைத்தாள்.

அந்த நேரத்தில் நான் மேடத்தைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னேன். கூழ் எப்படிச் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவார்கள். அதில் பயமில்லை. மறுநாள் அதைக் கரைத்து ஊற்றும்போது பச்சைத் தண்ணீர் சேர்ப்பார்கள். ஆபத்து அங்கேதான். "கரைக்கற தண்ணியையும் காய்ச்சி ஆறவெச்சா போதும் மேடம். கூழையே நிறுத்த வேண்டாம்" என்றேன்.

 "இதை நேத்தே ஏன் சொல்லலை?" என்றார். உடனே, "இல்ல, நான் கேக்கலை" என்று அவரே சொல்லிக்கொண்டு, கையிலிருந்த உத்தரவில் கூழ் ஊற்றக் கூடாது என்ற இடத்தை அடித்து, காய்ச்சிய தண்ணீரில் கரைத்தால் ஊற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தனை பேர் பார்க்கும்போது தன் உத்தரவைத் தானே அடித்துத் திருத்தும் அதிகாரியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஆனால் நேரம் தாண்டிவிட்டது. "அம்மன் கூழுக்கு ஆபீசர் காவலா? ஊத்தினா நாங்க ஊத்தற மாதிரிதான் ஊத்துவோம். இல்லன்னா வேணாம்" என்று கமிட்டி சொல்லிவிட்டது. அந்த வருஷம் கூழ் ஊற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மன் வீதி சுற்றி வந்தது. கொப்பரைகள் கோயில் பின்னால் கவிழ்த்தே கிடந்தன.

மேடம் ரோட்டில் பேசியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அதில் கூழ் வேண்டாம் என்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பிவிட்டார்கள். அது சித்தூர், திருப்பதி என்று சுற்றியது. எங்கள் ஆய்வக வாசலில் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். கங்காதர நெல்லூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் அந்த ஊர்த் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேடம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "சேலை நிறம் மட்டும் சரியா கட்டியிருக்காங்க" என்றார். 

திங்கட்கிழமை கடைசி முடிவு வந்தது. கறுத்த ஐந்தும் உறுதியானது. புதன்கிழமை தோண்டிப் பார்த்தார்கள். பெரிய குழாய் ஒரு சாக்கடைக்குள் புகுந்து போகிற இடத்தில் இணைப்பு விட்டிருந்தது. மழையில் சாக்கடை நிரம்பி உள்ளே இறங்கியிருக்கிறது. பதினோரு பேர் பத்தொன்பது ஆனார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. எல்லாரும் பிழைத்து வீட்டுக்கு வந்தார்கள்.

அதனாலேயே யாரும் எங்களை நம்பவில்லை. "இன்னாடா ஆச்சு? ஒண்ணும் ஆவல. சும்மா கூழைக் கெடுத்தாங்க" என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் வேலை சரியாக நடந்தால் ஒன்றும் ஆகாது. ஆகாத ஒன்றை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

மேடத்தை மாற்ற வேண்டும் என்று ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி மனு போனது. முதல் கையெழுத்து மச்சானுடையது. ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. சாந்திபுரம் பக்கம், எல்லையோரத்தில், பயிற்சிப் பிரிவில் ஒரு சின்ன வேலை. கிளம்பும்போது, ஏழு குப்பிகளையும் கழுவிவிட்டேனா என்று மட்டும் கேட்டார். என் மனைவி ஒரு வருஷம் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவர்கள் கூப்பிடவும் இல்லை. இராத்திரிச் சாப்பாட்டில் அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேடத்திடம் எனக்கும் ஒரு குறை உண்டு. வெள்ளிக்கிழமை மாலையே கமிட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். சுவரில் ஒட்டிவிட்டுத்தான் மனிதர்களிடம் போனோம். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலை பதினோரு மணிக்கு ஆய்வக வாசலில் தேசிங்கு மச்சான் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. நான்தான் வெளியே போனேன்.

"ஞாயித்துக்கிழம கூழு. தண்ணியப் பாத்துச் சொல்லு மாப்ள" என்றார். நான் சரி என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்தம்மா இல்லியா?"

"மாத்திட்டாங்க மச்சான். சாந்திபுரம் பக்கம்."

"எங்க மனுவாலயா?"

 கேட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். புதுக் குழாய் போட்டுவிட்டார்கள், நாற்றம் போய்விட்டது, தோண்டின குழியைத் தானே இறங்கிப் பார்த்ததாகச் சொன்னார். அதை ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.

மறுநாளே போய் ஏழு குழாயிலும் எடுத்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். நானும் மனைவியும் போயிருந்தோம். திங்கட்கிழமை விடியலில் மச்சான் ஒரு பெரிய தூக்குச்சட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அவரும் நானும் இரண்டு பஸ் மாறி, மேடம் இருந்த சாந்திபுரம் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

மேடம் ஒரு கட்டடத்தின் கடைசி அறையில், நர்சுகளுக்கான பாடக் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். பின்னால் வந்தவரை அடையாளம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மச்சான் தூக்கைத் திறந்து, மேஜைமேல் இருந்த டம்ளரில் கூழ் ஊற்றி, சின்ன வெங்காயம் இரண்டு வைத்து நீட்டினார். மேடம் வாங்கிக் குடித்தார். பழக்கமில்லாத புளிப்பு, முகம் கொஞ்சம் சுளித்தது. ஆனாலும் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

அப்புறம் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். "அன்னிக்கு நான் உங்க கிட்ட மொதல்ல வந்து சொல்லியிருக்கணும். நோட்டீஸ் ஒட்டிட்டு வந்தது தப்பு."

மச்சான் தலையை ஆட்டினார். இல்லை என்கிறாரா, ஆமாம் என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"சொல்லியிருந்தா மட்டும் நாங்க கேட்டிருப்போமாம்மா?" என்றார். சட்டியைச் சாய்த்து, அடியில் மிச்சமிருந்ததையும் மேடத்தின் டம்ளரில் ஊற்றினார்.